அறுபத்தேழாவது புத்தகம்

அத்தியாயம் 11

காலை ஏழு மணிச் சொட்டு கண்ணில் விழுந்ததும் ராசு இமையை மூடிக்கொண்டு எண்ணத் தொடங்கினார். மருந்து உள்ளே இறங்க ஒரு நிமிடம் ஆகும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். சர்க்கரை ஆலையின் ஆய்வுக்கூடத்தில் முப்பத்து மூன்று ஆண்டுகள் கரும்புச் சாற்றைச் சோதித்தவருக்கு ஒரு நிமிடம் என்பது அறுபது. ஐம்பத்தெட்டு அல்ல.

"ஏனுங்க, ஆச்சுங்களா?" என்றாள் மனைவி கண்ணாத்தாள்.

"நாப்பத்தொண்ணு. பேசாத."

"வருசம் போகப்போக உங்க நிமிசம் நீண்டுட்டே போகுதுங்க."

அறுபது ஆனது. அவர் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். புரை நீக்கி ஒன்பது நாள் ஆகியிருந்தது. வலக்கண்ணுக்கு இன்னும் மூக்குக்கண்ணாடி வரவில்லை. இடக்கண்ணில் புரை பாலாடைபோல் படிந்திருந்தது. மூக்குக்கண்ணாடி வரும்வரை எழுத்தின் பக்கமே போகக்கூடாது என்பது உத்தரவு. மோகனூர் சபையில் பத்தொன்பது ஆண்டுகளாக ஞாயிறுதோறும் வேதபாடம் வாசிப்பவர், வியாழன்தோறும் வேதபாட வகுப்பு நடத்துபவர். அவருக்கு இதைவிடக் கடுமையான பத்தியம் ஒன்றை எந்த மருத்துவரும் எழுதியிருக்க முடியாது.

மேசைமேல் மஞ்சள் துணியில் சுற்றிய பொதி இருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை நாமகிரிப்பேட்டையிலிருந்து வருங்கால மருமகன் மணிமாறன் கொண்டுவந்து வைத்தது. உள்ளே கத்தோலிக்கர்களின் விவிலியம். எழுபத்து மூன்று நூல்கள்.

ராசுவின் வேதாகமத்தில் அறுபத்தாறு.

மகள் அறிவுச்செல்வியின் திருமணம் கத்தோலிக்கக் கோவிலில் நடக்கட்டும் என்று இரு வீட்டாரும் பேசி முடித்து, அதனால் எழுந்த மனத்தாங்கல்களும் ஒருவாறு ஆறிவிட்டன. மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. திருமண வழிபாட்டில் முதல் வாசகத்தைப் பெண்ணின் தந்தையே வாசிக்க வேண்டும் என்று மணிமாறனின் தாய் கலைமணி கேட்டிருந்தார். அது அவர்கள் செய்யும் மரியாதை. ஆனால் அவர்கள் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகத் திருமணங்களில் வாசிக்கப்படுவது தோபித்து என்னும் நூலிலுள்ள மணமக்களின் மன்றாட்டு. அந்த நூல், மிகுதியாக உள்ள ஏழில் ஒன்று.

"முழுசாப் படிக்காம மறுக்க மாட்டேன்," என்று அன்றே சொல்லியிருந்தார் ராசு. சாற்றைச் சோதிக்காமல் ஒரு வண்டிக் கரும்பைக்கூட அவர் திருப்பி அனுப்பியதில்லை.

இன்று புதன்கிழமை. மாலை ஐந்து மணிக்குள் பதில் வேண்டும். செவ்வாய்ப்பேட்டை அச்சகத்தில் வழிபாட்டுப் புத்தகம் அச்சேறக் காத்திருந்தது. அதில் 'வாசிப்பவர்' என்ற சொல்லுக்கு எதிரே புள்ளிக்கோடு மட்டும் இருந்தது.

எட்டு மணிக்குக் கலைமணியே கைப்பேசியில் அழைத்தார். பங்குக் கோவிலில் இருபது ஆண்டுகளாக மறைக்கல்வி வகுப்பு நடத்தும் பெண்மணி; பிள்ளைகளை அதட்டிப் பழகிய குரல்.

"அண்ணா, எத்தனை அதிகாரம் ஆச்சுங்க?"

"இன்னிக்குத்தான் ஆரம்பிக்கறோமுங்க. படிக்காமயே ஒரு சந்தேகம் இருக்குதுங்க. யூதருங்க வேதப் பட்டியல்ல இந்த நூல் இல்லையே?"

"அவங்க பட்டியல்ல புதிய ஏற்பாடுந்தான் இல்லைங்கண்ணா."

 எதிரணிக்கு ஒரு மதிப்பெண் என்று ராசு மனத்துக்குள் குறித்துக்கொண்டார்.

"உங்க சபைப் பெரியவங்க மொதமொதல்ல அச்சடிச்ச பைபிள்லயும் இதை நடுவுல வெச்சிருந்தாங்களாமே?" என்று தொடர்ந்தார் கலைமணி.

"வெச்சிருந்தாங்க. படிக்க நல்லது, ஆனா வேதத்துக்குச் சமமில்லைன்னு தலைப்புலயே எழுதித்தான் வெச்சாங்க."

"படிக்கத்தானுங்களே கேக்கறோம்!"

"படிக்கறதுல ஒண்ணுமில்லைங்க. முடிச்ச பொறவு ஒண்ணு சொல்லணுமில்லீங்களா? அதுதான் எனக்கு இடிக்குது."

 கத்தோலிக்க வழிபாட்டில் வாசகம் முடிந்ததும் வாசித்தவர் மக்களை நிமிர்ந்து பார்த்து, 'ஆண்டவரின் அருள்வாக்கு' என்று அறிவிக்க வேண்டும். மக்கள் நன்றி கூறுவார்கள். இரண்டே சொற்கள். அருள்வாக்கு அன்று என்று தாம் நம்பும் ஒன்றை, பலிபீடத்தருகே நின்று, மகள் திருமணத்தில், அருள்வாக்கு என்று சொல்ல ராசுவின் நா எழாது.

"புரியுதுங்கண்ணா," என்றார் கலைமணி, குரல் தணிந்து. "ஆனா வாசிக்கறவங்க சொல்லாம எறங்குனா, கோவில்ல அத்தனை பேரும் திரும்பிப் பாப்பாங்க. அறிவு மொகம் வாடிப்போகும். யோசிச்சுச் சொல்லுங்க."

 தந்தை வாசிக்கக் கேட்டுக் கேட்டே எழுத்துக் கூட்டப் பழகிய பெண் அறிவுச்செல்வி. தாலி ஏறும் நாளில் அந்தக் குரல் கேட்க வேண்டும். வேறு சீர் எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

பத்து மணிக்குக் கண்ணாத்தாள் பொதியை அவிழ்த்தாள்.

அவள் படித்தது எட்டாம் வகுப்பு. பரமத்திப் பக்கத்து விவசாயக் குடும்பம். திருமணத்தின்போதுதான் திருமுழுக்குப் பெற்றாள். அன்று அவளுக்கு வைத்த பெயர் ரூத். அந்தப் பெயரால் அவளை அழைத்தவர் போதகர் ஒருவரே, அதுவும் ஒரே ஒரு முறை. வேதபாட வகுப்பில் கடைசி வரிசையில், காப்பி ஆற்றும் இடத்துக்குப் பக்கத்தில் உட்காருவாள். கேள்வி கேட்டதில்லை.

"எங்க இருக்குது பாரு. எந்த இடத்துல வெச்சிருக்காங்க?"

தாள்கள் புரண்டன. "பழைய ஏற்பாட்டுக்கும் புதுசுக்கும் நடுவுலங்க. ரெண்டு ஊட்டுக்கும் பொதுவா ஒரு சந்து உட்டாப்புல."

"நோட்டை எடுத்து வெச்சுக்க. நான் சொல்லச் சொல்ல ஆட்சேபணையை எழுதிக்க."

அவள் வாசித்தாள். சொல்லுக்குச் சொல் விரல் வைத்து நகரும் வாசிப்பு. நாடு கடத்தப்பட்டு நினிவேயில் வாழ்கிறார் தோபித்து. நேர்மையானவர். அநாதையாய்க் கிடக்கும் பிணங்களை அரசனுக்கு அஞ்சாமல் அடக்கம் செய்கிறார். ஒரு நாள் சுவரோரம் உறங்கும்போது குருவிகளின் எச்சம் கண்ணில் விழுந்து பார்வை போய்விடுகிறது.

கண்ணாத்தாள் நிறுத்தினாள். "குருவி எச்சத்துக்கே கண்ணு போயிருமாங்க? அப்பப் பார்த்தா நாமக்கல்லுல கோழிப்பண்ணை வெச்சிருக்கற ஒருத்தருக்குங் கண்ணு இருக்காதே!"

"ஆட்சேபணை ஒண்ணு. எழுதிக்க," என்றார் ராசு. மீசைக்குள் சிரிப்பு அசைந்தது. "மேல படி."

பார்வை இழந்த கணவனைக் காப்பாற்ற அன்னா கூலிக்கு நெய்யப் போகிறாள். ஒரு நாள், வேலை கொடுத்தவர்கள் கூலிக்கு மேல் ஓர் ஆட்டுக்குட்டியையும் கொடுத்தனுப்புகிறார்கள். வீட்டுக்குள் குட்டி கத்தும் சத்தம் கேட்கிறது. எங்கிருந்து வந்தது என்கிறார் தோபித்து. திருட்டுக் குட்டியாக இருக்கும், உரியவரிடம் திருப்பிக் கொடு என்கிறார். கூலியோடு தந்தது என்று அவள் சொல்கிறாள். அவர் நம்பவில்லை.

குரல் நின்றது.

"எழுத்து புரியலையா? கூட்டிப் படி."

"எழுத்தெல்லாம் புரியுதுங்க."

 பிறகு நாற்காலி நகர்ந்தது. "அடுப்புல பருப்பு இருக்குதுங்க. பாத்துட்டு வாரேன்."

அடுப்பில் பருப்பு இல்லை. குக்கரின் விசில் அரைமணிக்கு முன்பே அடங்கியதை அவர் கேட்டிருந்தார். கண்ணுக்கு ஓய்வு கொடுத்த ஒன்பது நாளில் காது கூர்மையாகியிருந்தது.

அந்தக் காதில் இப்போது வேறொரு சத்தம் கேட்டது. இரண்டு கோழிகளின் கொக்கரிப்பு.

இருபத்தோரு ஆண்டுகளுக்கு முந்தைய மார்கழி. சைக்கிளிலிருந்து விழுந்து தொடையெலும்பு முறிந்து ஆறு மாதம் படுக்கையில் கிடந்தார் ராசு. அறிவுக்கு ஆறு வயது. கண்ணாத்தாள் மாரக்காளின் கோழிப்பண்ணைக்கு முட்டை பொறுக்கப் போனாள். கிறிஸ்துமசுக்கு முதல் நாள் மாலை முற்றத்தில் கோழிச் சத்தம் கேட்டது. படுத்தபடியே அவர் கேட்டார்: ஏது? பண்ணையில் கொடுத்தார்கள் என்றாள். கூலிக்காரிக்கு யார் கோழியைச் சும்மா தருவார்கள் என்றார். பத்துக் கட்டளையில் எட்டாவதை, களவு செய்யாதே என்பதை, எடுத்துச் சொன்னார். திருத்தமாக, அதிகாரம் வசனத்தோடு.

 அவள் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நாலு கிலோமீட்டர் நடந்து, இரண்டு கோழிகளையும் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள். மறுநாள் கிறிஸ்துமசுக்குத் தட்டைப்பயறுக் குழம்பு.

தை மாதத்தில் பண்ணையின் வேன் ஓட்டுநர் உடல்நலம் விசாரிக்க வந்தார். பேச்சுவாக்கில், முட்டை ஓய்ந்த கோழிகளை வேலையாட்கள் எல்லாருக்கும் ஆளுக்கு இரண்டாக மாரக்காள் கொடுத்த கதையைச் சொன்னார். அவர் போன பின் ராசு நெடுநேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றும் அவர் வாய் திறக்கவில்லை. நாளை சொல்லலாம் என்று விட்டார். அந்த நாளைக்கு இப்போது இருபத்தோரு வயது.

பகல் பன்னிரண்டு மணிச் சொட்டுக்குக் கண்ணாத்தாள் வந்தபோது, அவர் எண்ணவில்லை. அவளும் அதைக் கவனித்தாள்.

சாப்பாடு முடிந்து அறிவு அழைத்தாள். பின்னணியில் ஆட்டோக்களும் நகரப் பேருந்தின் ஒலிப்பானும் போட்டியிட்டன.

"அப்பா, அச்சகத்துக்கு வந்துட்டனுங்க. ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு சாமி."

"உங்களுக்குச் சங்கடமா இருந்தா, கண்ணு இன்னும் தெளியலைன்னு சொல்லிரலாமுங்க. ஆப்பரேசன் பண்ணுனவரை யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. வேற ஆளைப் போட்டுக்கலாம்." அவள் குரல் மிக இயல்பாக இருந்தது. அவ்வளவு இயல்பாக இருக்க அவள் எத்தனை முறை ஒத்திகை பார்த்திருப்பாள் என்று அவருக்குத் தெரிந்தது.

"கண்ணாலத்துக்கு இன்னும் இருவத்தாறு நாள் இருக்குது. அதுக்குள்ள கண்ணாடி வந்துரும். பொய் சொல்லி வேதத்தைக் காப்பாத்தற நெலமைக்கு நான் வரலை. அஞ்சு மணி வரைக்கும் பொறு."

கண்ணாத்தாள் மறுபடி புத்தகத்தை எடுத்தாள். விட்ட இடத்தில் தொடங்காமல் அடுத்த அதிகாரத்துக்குத் தாள் திரும்பும் ஓசை கேட்டது.  மகன் தோபியா தந்தையின் வேலையாகத் தொலைதூரம் புறப்படுகிறான். துணைக்கு வரும் வழிப்போக்கன் வானதூதன் என்பது யாருக்கும் தெரியாது. அவர்களோடு வீட்டு நாயும் கிளம்புகிறது.

அவள் பக்கென்று சிரித்தாள்.

"என்ன?"

"நாயும் கூடவே போகுதுங்க."

"நாய் போனா என்ன சிரிப்பு?"

"பொறவு சொல்றனுங்க." ஆனால் அவள் சிரிப்பு முடியும் இடத்தில் சற்றே ஈரமாக இருந்தது.

நாலு மணிச் சொட்டு. இம்முறை அறுபது வரை எண்ணி முடித்து, கண்ணாடியை மாட்டாமல், மூடிய இமையோடே ராசு சொன்னார்:

"மத்தியானம் ஒரு பக்கத்தைத் தாண்டீட்ட. அன்னா என்ன பதில் சொன்னா?"

தாள் பின்னோக்கித் திரும்பியது. அன்னாவின் பதிலை அவள் வாசித்தாள். உம்முடைய தருமமும் நேர்மையும் எங்கே போயின, உம் குணம் இப்போதல்லவா தெரிகிறது என்று கணவனின் முகத்துக்கு நேரே கேட்டுவிடுகிறாள் அன்னா.

"நீ அப்புடிக் கேக்கலையே, கண்ணாத்தா."

"கேட்டிருந்தா முறிஞ்ச காலு கூடியிருக்குமாங்க?"

"தை மாசமே எனக்குத் தெரியும். வேன்காரர் சொன்னாரு. எல்லாத்துக்கும் குடுத்த கோழின்னு." சொற்கள் ஒவ்வொன்றாக, அவளுடைய வாசிப்பைப்போல, விரல் வைத்து நகர்ந்தன. "தெரிஞ்சும் உங்கிட்டச் சொல்லலை. தப்பு என்னுது. கோழியைத் திருப்பச் சொன்னதைக் காட்டிலும் இது பெரிய தப்பு."

கண்ணாத்தாள் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

"உங்களுக்குத் தெரியுமுன்னு எனக்குத் தெரியுமுங்க."

"எப்புடி?"

"அந்தத் தையிலிருந்து நீங்க எனக்கு முந்திச் சோத்துல கை வெச்சதில்லையே. கட்டுக் காலோட எந்திரிச்சு உக்காந்து, நான் தட்டெடுக்கற வரைக்கும் சும்மாவே இருப்பீங்க. ஆறுனாலும் சரின்னு." அவள் புத்தக அட்டையைத் தடவினாள். "வாயால ஒரு வார்த்தை வருமான்னு ஒரு வருசம் பாத்தனுங்க. அப்பறம் தட்டுக்கே பழகிப்போச்சு."

அவர் கையை நீட்டினார். கண் மூடியிருந்ததால் அது மேசை விளிம்பைத் தொட்டது. அவள் அதை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"பண்ணையில என்னன்னு சொன்ன?"

"எங்க ஊட்டுல இப்பக் கோழி திங்கறதில்லைன்னு சொன்னனுங்க. வேறென்ன சொல்ல? உங்களைப் போயி உட்டுக்குடுக்கறதா?"

பிறகு அவர், "அந்த மன்றாட்டைப் படி," என்றார்.

திருமண இரவில் தோபியாவும் சாராவும் சேர்ந்து செய்யும் மன்றாட்டு. மனிதன் தனித்திருப்பது நன்றன்று என்று ஆதியிலேயே துணை தந்ததை நினைத்து, இவள்மேலும் என்மேலும் இரங்கும், நாங்கள் இருவரும் சேர்ந்தே மூப்படைய அருளும் என்று கேட்கிற சில வரிகள். அவ்வளவுதான். ராசு அதில் ஆட்சேபணை தேடினார். சேர்ந்தே மூப்படைவதற்கு எதிராக எந்தக் கோட்பாடும் அவர் நினைவுக்கு வரவில்லை.

"இது வேதமுன்னு என்னால இப்பவும் சொல்ல முடியாது," என்றார். "இன்னிக்கு எம் மனசு எளகியிருக்குதுன்னு நாளைக்குப் பட்டியல் மாறாது. மனசு எளகுனதெல்லாம் வேதமுன்னு ஆரம்பிச்சா முடிவேயில்லை."

"மாத்தச் சொல்லலைங்க."

"வாசிக்கறேன். மனசார வாசிக்கறேன். ஆனா அந்த ரெண்டு வார்த்தை..."

"அதை நான் சொல்றனுங்க."

அவர் இமை திறந்துகொண்டது. ஒன்பது நாளில் முதன்முறையாக, கண்ணாடி இல்லாமல், மங்கலான வெளிச்சத்தில் அவள் முகத்தின் வடிவம் தெரிந்தது.

"நீயா?"

"பக்கத்துல நிக்கறேன். நீங்க படிச்சு முடிங்க. கடைசில ஆண்டவரின் அருள்வாக்குன்னு நான் சொல்றேன். எனக்கு இடிக்கலைங்க. உங்க அறுபத்தாறு, அவங்க எழுபத்து மூணு, அந்தக் கணக்கெல்லாம் எனக்குத் தெரியாது. அந்தப் பொம்பளை ஆட்டுக்குட்டியோட நின்ன இடத்துல நானும் நின்னிருக்கேன். அதை எழுதி வெக்கணுமுன்னு ஒருத்தருக்குத் தோணியிருக்குதே. அது போதும் எனக்கு."

பத்தொன்பது ஆண்டு வகுப்பில் கடைசி வரிசையிலிருந்து வந்த முதல் கருத்து அது. ராசு மறுப்பைத் தேடவில்லை.

கலைமணிக்குச் செய்தி போனது. அவர் முழுவதும் கேட்டுவிட்டு, "ஒருத்தர் படிச்சு ஒருத்தர் முடிக்கறதா? இந்த ஊர்ல யாரும் பாத்திருக்க மாட்டாங்க," என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். "பேரைப் போடச் சொல்லுங்கண்ணா. சாமியாரு ஏதாவது சொன்னா நான் பேசிக்கறேன். அவருக்கு மறைக்கல்வி எடுத்ததே நாந்தான்."

ஐந்துக்கு ஏழு நிமிடம் இருந்தபோது அறிவுச்செல்வியிடம் சொன்னார்கள். ஒலிப்பான்களுக்கு நடுவே அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

"அம்மா, உம் பேரை எப்புடிப் போடட்டும்? ரூத்துன்னா, கண்ணாத்தாளுன்னா?"

கண்ணாத்தாள் கணவனைப் பார்த்தாள். அவர் கைப்பேசியின் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"கண்ணாத்தாள்னு போடு சாமி. கோழி தூக்கிட்டு நடந்தது அவதான்."

"எந்தக் கோழிங்க?"

"உங்கம்மா சொல்லுவா. இல்லைன்னா நான் சொல்றேன்."

பொழுது சாய்ந்தது. ஆறரை மணிக்கு நான்காவது சொட்டு. ராசு நாற்பது வரை எண்ணி, நடுவில் நிறுத்தினார்.

"அந்தக் கோழி ரெண்டும் என்ன நெறம்?"

"வெள்ளைங்க."

"இன்னொண்ணு?"

"அதுவும் வெள்ளைதானுங்க. பண்ணைக் கோழி பின்ன மயில் நெறத்துலயா இருக்கும்?"

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு ஓய்ந்ததும் அவள் சொன்னாள்:

"அன்னிக்குப் பொழுதோட கூடையைத் தூக்கிட்டு நடந்தேனில்லீங்களா, ஒரு நாய் கூடவே வந்துச்சுங்க. பண்ணைக் கேட்டு வரைக்கும் வந்து, நான் குடுத்துட்டு வர வரைக்கும் அங்கயே படுத்திருந்து, மறுபடி ஊடு வரைக்கும் வந்துச்சு. யாரு ஊட்டு நாயோ. அப்பறம் நான் அதைப் பாக்கவேயில்லை."

 ராசு விட்ட எண்ணிக்கையை நாற்பத்தொன்றிலிருந்து தொடர்ந்தார். ஐம்பதில் எண்ணிக்கை நின்றது. மருந்துதான் வழிகிறது என்பதுபோல் அவள் முந்தானையால் அவர் கன்னத்தைத் துடைத்தாள்.

பிறகு, எழுந்துகொண்டே, "ஏனுங்க, நாளைக்கு வகுப்புல இந்தக் கதையைச் சொல்லீராதீங்க. என்னைக் கடைசி வரிசையிலயே உட்டுருங்க," என்றாள்.

நாளை வியாழக்கிழமை. சபைக் கூடத்தின் கரும்பலகையில், அறுவைக்கு முன்பே, ராசு தம் கையால் எழுதி வைத்த தலைப்பு அப்படியே இருந்தது: 'அறுபத்தாறு மட்டும் ஏன்?'

அவர் சரி என்றும் சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சமையலறையில் அவள் இரண்டு தட்டுகளை எடுக்கும் சத்தத்துக்காகக் காத்திருந்தார்.